கோயில் முற்றத்தில் ஒரு சுற்று

வெண்டெலின் அறைக்கதவு சாத்தியிருந்தது. நகராட்சியின் நன்னெறி அலுவலகம் இருந்த பதினொன்றாம் மாடியில் அந்தக் கதவு சாத்திக் கிடந்து லொரெய்ன் இந்தப் பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. விசாரணை அதிகாரியின் அறைதான். ஆனாலும் அவர் கதவைத் திறந்தே வைத்திருப்பார். உள்ளே ரேடியோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். போகிற வருகிற யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விடமாட்டார்.

லொரெய்ன் பூட்ஸைக் கழற்றி, மேசைக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் மேல் வைத்தாள். அதிலிருந்து பனி உருகி வடிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. மார்ச் மாதம் பிறந்தும் குளிர் விட்டபாடில்லை.

பத்தேகாலுக்கு வெண்டெல் ஹார்கிரோவ் அவள் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"மிஸ் லொரெய்ன், ஒரு கோப்புல உங்கள வெளியில வெச்சிருக்கோம். டைரக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. இது உங்க பிரதி."

"எந்தக் கோப்புன்னு நான் கேக்கக் கூடாது."

"கூடாது."

"கேக்கல."

"கேக்க மாட்டீங்கன்னு தெரியும்." அவர் காகிதத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. பிறகு போய்விட்டார். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

அலுவலகத்தில் அதைச் 'சுவர்' என்பார்கள். ஒரு புகாரில் ஊழியரின் சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருந்தால் அந்த ஊழியர் கோப்பைத் தொடக்கூடாது, அதைப் பற்றிப் பேசக்கூடாது, மற்றவர்கள் பேசும்போது அந்த அறையில் இருக்கக்கூடாது. காகிதத்தில் இருந்த வாசகத்தை எழுதியதே லொரெய்ன்தான், எட்டு வருடங்களுக்கு முன்னால். நல்ல வாசகம், எங்கும் ஓட்டை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

நகராட்சியில் வேலை பார்க்கும் சொந்தம் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான். தம்பி க்ளெம். தெருத்துறையில் இருபத்தாறு வருடமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.

தொலைபேசி அடித்தது. அவள் வேலையே அதுதான். நகரத்தின் ஏழாயிரம் ஊழியர்களில் யாருக்காவது ஒன்றைச் செய்யலாமா, கூடாதா, வாங்கலாமா, கூடாதா என்று சந்தேகம் வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள்.

"மேடம், தீயணைப்பு நிலையத்துலேருந்து பேசறேன். ஒரு பாட்டியம்மா ஆப்பிள் பை சுட்டுக் கொண்டாந்து குடுத்திருக்காங்க. திங்கலாமா?"

"எல்லாருமாச் சேந்து தின்னா தப்பில்ல. நீங்க மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது."

"பாதி போயிருச்சே."

"யாரு வீட்டுக்கு?"

"வயித்துக்கு."

"அப்ப மீதியப் பங்கு வையுங்க. பெரிய விஷயம் ஏதாவதுன்னா எழுத்துல கேளுங்க, எழுத்துல தர்றோம். வாய்ப்பேச்சு உங்களக் காப்பாத்தாது."

கடைசி வரியை அவள் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்வாள். இன்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

நகராட்சிக்காரர்கள் பதினொன்றாம் மாடியைப் பாவசங்கீர்த்தனக் கூண்டு என்பார்கள். 'போனா பாவத்தக் கேட்டுக்குவாங்க, மன்னிக்க மட்டும் மாட்டாங்க' என்று சொல்லிச் சிரிப்பார்கள். லிஃப்டில் அவள் ஏறினால் பேச்சு நின்றுவிடும். ஒரு கல்யாணத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும் வரித்துறைக்காரர் ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். தப்பாக நினைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவளும் தப்பாக நினைக்கவில்லை. பிறகு கல்யாணங்களுக்குப் பரிசை மட்டும் தபாலில் அனுப்பப் பழகிக்கொண்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா அம்மா விட்டுப்போன மரவீடு அது. கீழே க்ளெமும் அவன் மனைவி ரோசலியும், மாடியில் லொரெய்ன். க்ளெமின் கூட்டாளி ஓட்டுநர்கள் வேலை முடிந்து கீழ்வீட்டு அடுப்படியில் வந்து உட்காருவார்கள். தெருத்துறையைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். ஒருநாள் அவள் இறங்கி வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இருக்கும்போது இறங்குவதில்லை என்று அவளே வைத்துக்கொண்டாள். அநேகமாக எப்போதும் யாராவது இருந்தார்கள். ரோசலி ஒரு தட்டில் சாப்பாடு போட்டு, காகிதத்தால் மூடி, படிக்கட்டில் ஐந்தாம் படியில் வைப்பாள். அவள் எடுத்துப் போய் மாடியில் சாப்பிடுவாள். தரைப் பலகை வழியாகச் சிரிப்புச் சத்தம் மேலே வரும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் வராது.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை கீழே க்ளெமைத் தவிர யாரும் இல்லை. தவக்காலத்தின் இரண்டாவது வாரம். மறுநாள் பங்குக்கோயில் மண்டபத்தில் மீன் விருந்து. இறைச்சி ஆகாத தவக்கால வெள்ளிகளில் பேட்டையே அங்கேதான் சாப்பிடும்: பொரித்த மீன், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கைப் பூரணமாக வைத்துப் பிடித்த பியரோகிக் கொழுக்கட்டை. ரோசலியும் மற்றப் பெண்களும் மண்டபத்தின் நிலவறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். லொரெய்னின் பங்கு ஒரு மூட்டை வெங்காயம். கீழ்வீட்டு மேசையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"லோரி, நாளைக்குப் பத்து அங்குலம் கொட்டும்ங்கறாங்க," என்றான் க்ளெம். "கோயில் முற்றத்துல பனி தள்ளற ஆளோட வண்டி படுத்துருச்சாம். கார நிறுத்த இடம் இல்லன்னா விருந்த நிறுத்திருவேன்னு சாமியார் சொல்றாரு. நான் என் வண்டியில அப்படியே உள்ள பூந்து ஒரு சுத்து சுத்தி விட்டா தப்பா?"

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண் எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு சுத்துதானே. யாரு கேக்கப் போறா," என்று சொல்லிச் சிரித்தாள்.

இதையே தொலைபேசியில் யாராவது கேட்டிருந்தால், அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் கூடாது என்றிருப்பாள். நகராட்சி வண்டி, வேலை நேரம், தனியார் நிலம். மூன்று தப்பு. ஆனால் அது தொலைபேசி இல்லை. பக்கத்தில் அடுப்பு எரிந்தது, தம்பி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், அவளிடம் ஒருவன் ஒன்றைச் சும்மா கேட்டான்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது படிக்கட்டில் தட்டு இல்லை. ரோசலி கீழ்வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிச் சமையலறை வேலையிலிருந்து வந்தவள் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"உள்ள வா. இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. இனிமேலும் வரமாட்டாங்க போல."

க்ளெம் இல்லை. நடந்துவிட்டு வரேன் என்று போயிருந்தானாம்.

"உனக்குத் தெரியும்ல?" என்றாள் ரோசலி.

"எது?"

"அப்படிக் கேக்காத. அந்த மாடியில நீதான உக்காந்திருக்க."

"நான் அதப் பத்திப் பேசக் கூடாது, ரோசலி. எனக்கு ஒண்ணும் தெரியவும் தெரியாது."

"தெரியாதா, சொல்லமாட்டியா?"

"ரெண்டும்."

"சரி, நானே சொல்றேன். காது திறந்துதான இருக்கு, அதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லல்ல?" ரோசலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு சுத்துன்னுதான் போயிருக்காரு உன் தம்பி. பனி கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. நாப்பது நிமிஷம் ஆயிருச்சு. அந்த நாப்பது நிமிஷத்துல கெஸ்லர் சந்து தள்ளாமக் கெடக்குது. அங்க பெட்டிஸ்னு ஒரு பெரியவரு, மூச்சுக்குக் குழாய் வெச்சிருக்கறவரு. அவருக்கு ஆக்ஸிஜன் கொண்டு வந்த வண்டி சந்து முனையில மாட்டிக்கிச்சு. மகன்காரன் சிலிண்டரத் தோளுல போட்டுக்கிட்டு முழங்கால் பனியில நடந்திருக்கான். நடந்து போறவன் கோயிலப் பாக்குறான். நம்ம வண்டி அங்க நிக்குது. நம்ம ஆளு கையில மீன் தட்ட வெச்சிக்கிட்டு, எவளோ சொன்னதுக்குச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு. ஃபோட்டோ எடுத்துட்டான்."

லொரெய்ன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பெரியவருக்கு எப்படி இருக்கு?"

"பாரு. தம்பியக் கேக்கல, பெரியவரக் கேக்குற."

"சொல்லு ரோசலி."

"ஒம்பது நாள் ஆஸ்பத்திரி. இப்ப வீட்டுக்கு வந்துட்டாரு. நானும் ஜெபம் பண்ணிக்கிட்டுதான் இருந்தேன், நான் ஒண்ணும் கல்லு இல்ல." ரோசலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை இவரக் கூப்பிட்டிருக்காங்க. என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லு."

"உண்மைய."

"உண்மை எங்களுக்கும் தெரியும். அத எப்படிச் சொல்லணும்னு கேட்டேன்."

 லொரெய்னிடம் இருந்த ஒரே பதில் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது. அதைவிட, இதே மேசையில் அவள் சொன்னது ரோசலிக்குத் தெரியாது என்பது புரிந்தது. க்ளெம் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"பதினாறு வருஷமா உனக்குத் தட்டு வெக்கிறேன்," என்றாள் ரோசலி. "ஒரு கல்லுக்கு வெச்சிருந்தா அது இந்நேரம் வாயத் திறந்திருக்கும்."

அந்த வாரம் ஐந்தாம் படி காலியாகவே இருந்தது. அலுவலகத்தில் அவள் போனால் நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள், அவள் சொல்லிக் கொடுத்தபடி. மாடியில் டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடித்தாள். விளக்கைப் போடாமல் உட்கார்ந்து கீழே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். பேச்சே இல்லை.

ஒன்றுதான் அவளைப் போட்டு அரித்தது. க்ளெமுக்கு அது நினைவிருக்கிறதா? வாய் தவறி வந்த பேச்சு. அவன் அதைக் கவனிக்காமலேகூடப் போயிருக்கலாம். நினைவில்லாமல் இருந்தால் நல்லது என்று ஒரு நேரம் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் அந்த ஆசை போகவில்லை. அவன் மறந்திருக்கட்டும், கடவுளே, மறந்திருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்டில் வெண்டெல் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார். பதினொன்றாம் மாடியில் இறங்கும்போது, "தைரியமா இருங்க, மிஸ் லொரெய்ன்," என்றார். அந்தக் குரலில் ஒரு மரியாதை இருந்தது. எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அது புரிந்தது. புதுப்பனி விழுந்திருந்தது. வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவாகி வீட்டிலிருந்த க்ளெம், கார் நிறுத்தும் பாதையில் மண்வாரியை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தான். பனி நாட்களில் அவன் வீட்டில் இருந்ததே இல்லை. எப்போதும் ரோசலிதான் வாரிப் போடுவாள். வாரியைப் பிடிக்கத் தெரியாமல் காற்றுக்கு எதிரே வீசி, தன் முகத்திலேயே கொட்டிக்கொண்டான்.

"அந்தப் பக்கமா வீசு," என்றாள் லொரெய்ன்.

"என்னோட பேசலாமா? சட்டம் உதைக்காது?"

"பனியப் பத்திப் பேசலாம்."

"பனியப் பத்தினதுதான லோரி கேஸே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. வாளியிலிருந்த உப்பை அள்ளி அவள் படியில் தூவினாள். கொஞ்ச நேரம் இருவரும் வேலை பார்த்தார்கள்.

"அந்த வெண்டெல் நல்ல மனுசன்," என்றான் க்ளெம், வாரியின் மேல் சாய்ந்துகொண்டு. "காப்பி குடுத்தாரு."

"க்ளெம், வேணாம்."

"நீ பேச வேணாம். நான் பனிகிட்டப் பேசறேன். இதச் செய்யலாமான்னு யாருகிட்டயாவது கேட்டியான்னு கேட்டாரு. கேட்டேன்னேன்."

அவள் கையில் உப்பு அப்படியே நின்றது.

"எங்கக்காகிட்ட கேட்டேன், கூடாதுன்னு கண்டிச்சுதான் சொன்னா, நான்தான் கேக்காமப் போனேன்னு சொல்லிட்டேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான இருந்தேன்." அவன் மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டான். "எனக்கு என்ன, கொஞ்ச நாள் வீட்டுல உக்கார வெப்பான். உக்காந்து இதப் பழகிக்குவேன். உன் பேரு கெட்டா என்ன ஆகும்? அந்த வேலையத் தவிர உனக்கு வேற என்ன இருக்கு, லோரி?"

பாசமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்தவனின் நிம்மதியோடு மறுபடியும் வாரத் தொடங்கினான்.

அவளுக்கு விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன் வந்து நின்றது. தெரியாமல் செய்தவனுக்குத் தற்காலிக நீக்கம். ஒருவர் எச்சரித்த பிறகும் செய்தவனுக்கு வேலை போகும். எச்சரித்தது நன்னெறி அலுவலக ஊழியர் என்றால் பேச்சுக்கே இடமில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இந்த மடையன் தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொண்டிருக்கிறான். அது அவனுக்குத் தெரியவில்லை, அவளும் அவனிடம் சொல்லக்கூடாது.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"டைப் பண்ணி அனுப்புவாங்களாம். திருத்தணும்னா திருத்தி வெள்ளிக்கிழமைக்குள்ள போடணும். திருத்த என்ன இருக்கு?"

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்ணாடியெல்லாம் உப்புக்கறை. லிஃப்டில் வெண்டெல் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர்கள் எல்லோரும் இப்போது அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தது: சொந்தத் தம்பியிடமும் கூடாது என்று சொன்னவள். பத்தொன்பது வருடத்தில் அவளுக்குக் கிடைத்திருக்கும் ஆகப்பெரிய நற்பெயர். அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. விதி என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்தால் போதும்: பேசக்கூடாது. பேசாமல் இருந்தே ஒருத்தி தன் தம்பியைத் தின்றுவிடலாம், ஒரு விதியும் மீறப்பட்டிருக்காது.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டு தெரு பனிக்குள் திரும்பி நடந்தாள்.

வெண்டெலின் கதவைத் தட்டினாள். பாதி திறந்தது.

"மிஸ் லொரெய்ன், கதவு சாத்தியிருக்கு."

"தெரிஞ்சுதான் தட்டறேன்."

"நீங்க சுவருக்கு அந்தப் பக்கம். நான் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"ஊழியரா வரல, வெண்டெல். சாட்சியா வந்திருக்கேன்."

 அவர் கதவை முழுதாகத் திறந்து, நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. அதற்கு ஒரு கால் குட்டை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எத்தனை பேர் இதில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தியதும் அவர் குரல் மாறியது. "பேரு?"

"லொரெய்ன் ஸ்டஹூரா."

"மிஸ் ஸ்டஹூரா, க்ளெமென்ட் ஸ்டஹூரா உங்ககிட்ட இதப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு சுத்துதானே, யாரு கேக்கப் போறான்னேன்."

வெண்டெலின் பேனா நின்றது. "இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததையும், சிரித்ததையும் சேர்த்துச் சொன்னாள். தம்பி தன்னைக் காப்பாற்றத்தான் மாற்றிச் சொன்னான் என்றாள். அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அவனை மறுபடி கூப்பிட்டுக் கேட்டால் திருத்துவான் என்றாள். அவன் வேலை இனித் தப்பும். அவன் அவளை மன்னிப்பானா என்பது வேறு விஷயம். அவன் அவளுக்காகச் சொன்ன பொய்யைத் தூக்கி அவன் முகத்திலேயே எறிந்தாயிற்று. தொலைபேசி அவளிடமிருந்து போய்விடும், ஒருவேளை இந்த மாடியே போய்விடும். இதெல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. 

வெண்டெல் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"இந்த விஷயத்துல உங்களுக்குன்னு சொந்த நலன் ஏதாவது இருந்துச்சா?"

எல்லோரும் இதற்கு மூச்சுவிடாமல் இல்லை என்பார்கள். அவளும் வாயைத் திறந்தாள். இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதை எழுதவே தொடங்கியிருந்தார்.

"இருந்துச்சு," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "என்ன?"

"பனி தள்ளலன்னா விருந்த நிறுத்தியிருப்பாங்க." அவள் கையுறைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். "அங்க என்னைய எல்லாரும் வெங்காயக்கார லோரின்னுதான் கூப்பிடுவாங்க. பக்கத்துல வந்து இடிச்சிக்கிட்டு உக்காருவாங்க. என் தட்டுலேருந்து எடுத்துத் திம்பாங்க. நின்னு போயிருந்தா அடுத்த வெள்ளி வரைக்கும் நான் யாரோடயும் உக்காந்து சாப்பிட்டிருக்க முடியாது. க்ளெம் கேட்டப்ப எனக்கு அதுதான் முதல்ல தோணுச்சு. அவனுக்காக ஒண்ணும் அப்படிச் சொல்லல."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெண்டெல் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இத எதுல போடறது?" அவர் குரல் பழையபடி ஆகியிருந்தது. "பணம், சொத்து, உறவு. மூணு கட்டம்தான் இருக்கு."

"கீழ 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கும்."

அவர் பக்கத்தின் அடிக்குப் போனார். அந்தக் கட்டம் விரல் அகலம்தான் இருந்தது. அவர் சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கினார். எழுதி, இடம் போதாமல் தாளைத் திருப்பினார்.

"மெதுவாச் சொல்லுங்க, மிஸ் லொரெய்ன்," என்றார். "எல்லாத்தையும் எழுதிக்கறேன்."